பூசலார் கட்டிய இடம்

திருநின்றவூர்ப் பூசலாரிடம் கோயில் கட்டப் பொருள் இல்லை. அலைந்து திரிந்து கேட்டும் எவரும் கொடுத்தாரில்லை. எண்ணம் மட்டும் அவரை விடவில்லை. கல்லும் மரமும் தச்சரும் நெஞ்சுக்குள்ளேயே தேடப்பட்டன. நல்லதொரு நாளில் நெஞ்சுக்குள்ளேயே கால்கோள் நடந்தது. இரவும் உறங்காமல் விமானம், மதில், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாக அங்கேயே எழுந்தன. குடமுழுக்குக்கு அவர் குறித்த நாளையே, காஞ்சியில் தான் எழுப்பிய கற்றளிக்குக் காடவர்கோனும் குறித்திருந்தான். மன்னனின் கனவில் தோன்றிய இறைவன், மறுநாள் தாம் பூசலாரின் ஆலயத்துக்கு எழுந்தருள இருப்பதால் அரசனது விழாவை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளுமாறு பணித்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. மன்னன் திருநின்றவூருக்கு விரைந்து வந்து அந்தக் கோயிலைத் தேடினான். அப்படியொரு கட்டடம் ஊரில் எங்குமே இல்லை.

அவ்வூரில் சிவபெருமான் இன்று இருதயாலீசுவரர் என்னும் திருநாமத்தோடு விளங்குகிறார். இதய நோயுற்றோரும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டோரும், அவர்தம் குடும்பத்தாரும் அங்கு வந்து வேண்டிக்கொள்வது வழக்கம். பூசலாரின் குருபூசை ஐப்பசி அனுஷத்தில் நிகழ்கிறது. பெரும்பாலும் அது தீபாவளியை ஒட்டியே வரும். சிவகாசி வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் செய்த உழைப்பு வானில் ஒளியாகிக் கரைந்து, பட்டாசு ஆபீசுகளின் கதவுகள் சில நாள் மூடிக்கிடக்கும் காலம் அது.

நெஞ்சம் என்பது தசையால் ஆன இதயந்தானா என்று ஞானநெறியில் நிற்போர் வினவக்கூடும். இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அவதரித்த ரமண மகரிஷி, ஆன்மிக இருதயம் மார்பின் வலப்புறத்தில் உள்ளதென்றே உபதேசித்தார். அவர் சுட்டியது வேறு. இடப்புறமாகச் சாய்ந்து துடிக்கும் தசை வேறு. ஆயினும் அவ்விதயத்தை நாடும் சாதகனுக்கும் இவ்விதயம் துடித்தாக வேண்டும். கைப்பிடி அளவே உள்ள, ஏறத்தாழ 300 கிராம் எடை கொண்ட இவ்வுறுப்பு ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை சுருங்கி விரிந்து, சுமார் 7,000 லிட்டர் குருதியை உடலெங்கும் அனுப்புகிறது. பெருந்திருக்கோயிலின் மடைப்பள்ளிப் பணியாளர் ஊருக்கெல்லாம் அன்னதானம் சமைத்து அனுப்பினாலும், தாம் உண்ணுவது ஒரு மூலையில் அமர்ந்துதான். இதயத்தின் நிலையும் அதுவே. தன் அறைகளுக்குள் எப்போதும் குருதி நிறைந்திருந்தும், அதிலிருந்து நேராக அது பசியாறிக்கொள்ள இயலாது. மகாதமனியின் அடியில் கிளைக்கும் இரு மெல்லிய தமனிகளே அதற்கு உணவையும் பிராணவாயுவையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. இடப்புற அறையின் சுவருக்கு அக்குருதி பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு இடையே, தசை தளர்ந்திருக்கும் சிறு இடைவேளையில்தான் பாய்கிறது. துடிப்பு மிகுந்தால் அந்த இடைவேளை சுருங்கும். தேவை ஏறும் வேளையில் வரவு குறையும். படபடப்பும் சினமும் இதயத்துக்கு ஆகாதவை என்று முன்னோர் சொல்லிவந்ததன் உடலியல் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதயத்தின் மற்றோர் இயல்பு இன்னும் வியப்புக்குரியது. ஓய்வாக இருக்கும்போது உடலின் மற்ற தசைகள், தம்மிடம் வரும் குருதியிலுள்ள பிராணவாயுவில் ஏறத்தாழ கால் பங்கையே எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. தேவை பெருகும்போது அந்த மீதியிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். இதயமோ ஓய்வு நேரத்திலேயே 70 முதல் 75 விழுக்காடு வரை எடுத்துவிடுகிறது. சேமிப்பு என்று சொல்ல அதனிடம் ஏதும் இல்லை. தேவை மிகும்போது கூடுதல் குருதி வந்தால் மட்டுமே அது பிழைக்கும். வரும் வழியிலேயே ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் அதுவே மாரடைப்பு. அடைப்புக்கு அப்பாலுள்ள தசை 20, 30 நிமிடங்களிலிருந்தே உட்புற அடுக்கு முதல் மடியத் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்புறம் நோக்கிப் பரவிச் செல்கிறது. இறந்த தசை மீண்டும் உயிர்ப்பதில்லை. அவ்விடத்தில் தழும்பு மட்டுமே நிலைத்திருக்கும்.

விருதுநகர் ஈன்றெடுத்த பெருந்தலைவர் காமராசர், 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தி ஜயந்தி அன்று, சென்னையிலுள்ள தம் இல்லத்தில் மாரடைப்பால் மறைந்தார். இதயத் தமனிக்குள் பலூனைச் செலுத்தி அடைப்பை விரிக்கும் சிகிச்சையை ஆந்திரேயாஸ் க்ருன்ட்ஸிக் என்னும் மருத்துவர் சூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தது 1977-ஆம் ஆண்டு செப்டம்பரில். கட்டியைக் கரைக்கும் ஊசி உயிர் காக்கும் என்பதை 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இத்தாலிய மருத்துவர்கள் மெய்ப்பித்தது 1986-இல். காமராசரின் காலத்தில் மாரடைப்பு நோயாளிக்குப் படுக்கை ஓய்வு, வலி தணிக்கும் மருந்து, முகத்தில் பிராணவாயுக் குழாய் ஆகியவற்றையே பெரும்பாலும் அளிக்க முடிந்தது. அடைப்பு அடைப்பாகவே இருந்தது.

அந்தப் பிராணவாயுக் குழாய் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மாரடைப்புக்கு ஆளானவரின் முகத்தில் மூச்சுக் கவசத்தைக் காணும்போதுதான் குடும்பத்தாருக்கு ஆறுதல் பிறக்கிறது. அது இல்லையென்றால் மருத்துவமனை அக்கறை காட்டவில்லை என்ற மனக்குறை எழுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் மருத்துவர்களும் அப்படியே எண்ணிவந்தனர். இதயம் காற்றுக்கு ஏங்குகிறது, ஆகவே காற்றைக் கொடு என்பது குற்றம் காண இயலாத தருக்கமாகத் தோன்றியது. ஆனால் நுரையீரல் நலமாக உள்ளவரின் குருதியில் சிவப்பணுக்கள் ஏற்கெனவே 95 விழுக்காட்டுக்கு மேல் பிராணவாயுவைச் சுமந்தே செல்கின்றன. நிரம்பிய குடத்தை மீண்டும் குழாயடியில் பிடிப்பதால் வீட்டுக்குப் போய்ச் சேரும் நீர் மிகாது, வழி அடைபட்டுக் கிடக்கும்போது.

சுவீடன் நாட்டு மருத்துவர்கள் இதனை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தனர். மாரடைப்பு என ஐயுற்ற 6,629 பேரில் ஒரு பாதியினருக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் 6 முதல் 12 மணி நேரம் பிராணவாயு அளிக்கப்பட்டது. மறுபாதியினர் அறைக் காற்றையே சுவாசித்தனர். எல்லோருக்கும் தொடக்கத்தில் குருதியின் பிராணவாயு அளவு போதுமானதாகவே இருந்தது. 2017-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் முதற் பிரிவில் 5.0 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 5.1 விழுக்காடு. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 2015-இல், ஆஸ்திரேலியாவில் 441 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், தேவையின்றி அளித்த பிராணவாயு இதயத்தின் காயத்தைச் சற்றுப் பெரிதாக்கவும் கூடும் என்று எச்சரித்திருந்தனர். ஆகவே இப்போது குருதியின் அளவு 90-க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு முட்டினாலோதான் மருத்துவர் கவசம் வைக்கின்றனர். விரலில் மாட்டும் சிறு கருவி 97 என்று காட்டும்போது கவசம் இல்லையே என்று செவிலியரிடம் சினம் கொள்வதில் பொருளில்லை.

பிராணவாயு மிகுதியும் தீங்காகலாம் என்பது பிற ஊரார்க்கு வியப்பளிக்கலாம், சிவகாசியார்க்கு அன்று. பட்டாசுக் கலவையின் உயிரே வெடியுப்புத்தான். பொட்டாசியம் நைட்ரேட் எனப்படும் அவ்வுப்பு தன் உடலுக்குள்ளேயே பிராணவாயுவைக் கட்டிவைத்திருக்கிறது. காகிதச் சுருளுக்குள், காற்றே புகாத இடத்தில், கரியும் கந்தகமும் கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து வெடிப்பது அதனால்தான். ஓர் அறையில் இவ்வளவுதான் கலவை இருக்கலாம், இத்தனை பேர்தான் அமரலாம் என்று அங்கே வகுத்துள்ள விதிகள் எல்லாம், ஒரே சமயத்தில் அளவின்றி விடுபடும் பிராணவாயுவுக்கு அஞ்சி வகுத்தவையே. அவ்விதிகள் மீறப்பட்ட நாள்களின் துயரத்தை அப்பகுதிக் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஏறத்தாழ அதைப் போன்றதொரு நிகழ்வு, கண்ணுக்குத் தெரியாத அளவில், அடைப்பு நீங்கிய இதயத்திலும் நேர்கிறது. பட்டினி கிடந்த தசைக்குள் குருதி திடீரெனப் பாயும்போது, அதுவரை தாக்குப்பிடித்த அணுக்களுள் சில அந்த வேளையிலேயே சிதைகின்றன. பிராணவாயுவிலிருந்து பிறக்கும் முரட்டு மூலக்கூறுகளும், அணுவுக்குள் அளவின்றிப் புகும் கால்சியமும் இதற்குக் காரணங்கள். பல நாள் உபவாசம் இருந்தவருக்கு முதல் வேளையிலேயே விருந்து படைக்கலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது நினைவுக்கு வரும். இதற்காக அடைப்பைத் திறக்காமல் விடலாகாது. திறப்பதால் பிழைக்கும் தசை, அதனால் சிதையும் தசையைவிடப் பன்மடங்கு மிகுதி. பெரிய தமனி திறந்தபின்னும் அதன் கிளைகளான நுண்குழல்கள் வீங்கிக் கிடப்பதால் கடைசித் தசைநார் வரை பிராணவாயு சென்று சேராத நிலையும் உண்டு. இதற்கென அமெரிக்காவில் 2019-இல் ஒரு சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஸ்டென்ட் வைத்து முடித்தவுடன் நோயாளியின் குருதியைச் சிறிது வெளியே எடுத்து, அதில் மிக உயர்ந்த அளவு பிராணவாயுவைக் கரைத்து, இடப்புற இதயத் தமனிக்குள் ஒரு மணி நேரம் செலுத்துகின்றனர். இதயத்தின் முன்சுவரைத் தாக்கும் பெரிய மாரடைப்புக்கு, வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் தமனியைத் திறந்தவர்களுக்கு மட்டுமே அது உரியது. முகக் கவசத்தால் ஆகாததை நேரே வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் முயற்சி என்று அதைக் கொள்ளலாம். நல்ல முயற்சிதான். ஆனால் அந்த 6 மணி நேரத்துக்குள் மருத்துவமனை வாசலை மிதிக்காதவருக்கு அதனாலும் பயனில்லை.

சிவகாசிப் பேச்சுவழக்கில் வெடிக்கலவைக்கு 'மருந்து' என்றே பெயர். மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது என்றே தொழிலாளர் கூறுவர். இப்பெயர்ப் பொருத்தத்துக்கு இதய மருத்துவத்திலேயே ஒரு சான்று உண்டு. டைனமைட்டின் மூலப்பொருளான நைட்ரோகிளிசரின், நெஞ்சுவலியைத் தணிக்கும் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரல் எழுதியது 1879-இல். ரமணர் பிறந்த அதே ஆண்டு. டைனமைட்டைக் கண்டறிந்த ஆல்பிரட் நோபலுக்கே அவருடைய கடைசிக் காலத்தில், 1896-இல், மருத்துவர்கள் அதனை மருந்தாகப் பரிந்துரைத்தனர். விதியின் இந்த விளையாட்டை அவரே நண்பருக்கு எழுதிய மடலில் குறிப்பிட்டிருக்கிறார். குருதிக்குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையை அது குறைக்கிறது; உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி வேலை செய்வதைக் கண்டறிந்த ஆய்வுகளுக்கு 1998-இல் நோபல் பரிசே கிடைத்தது. நாவின் அடியில் வைக்கும் மாத்திரையாக அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் இன்று பல இல்லங்களில் உள்ளன. ஒருவருக்கு எழுதித் தந்த அம்மாத்திரையை, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வேறொருவரின் வாயில் அவசரத்தில் இடலாகாது. ரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பவரை அது இன்னும் தாழ்த்திவிடும்.

இனி, தவறவிடக்கூடாத அந்த மணித்துளிகள். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவுக்கும், சாத்தூர்க் காராச்சேவுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் பெயர்பெற்ற மாவட்டத்தில், இரவு உணவுக்குப் பின் வரும் நெஞ்சுவலிக்கு 'வாயு' என்றே முதலில் பெயர் சூட்டப்படுகிறது. சோடா வருகிறது, ஓமத்திரவம் வருகிறது, சுக்குக் கஷாயம் கொதிக்கிறது, நெற்றியில் அம்மன் திருநீறு பூசப்படுகிறது. திருநீறு பூசுவதற்கு ஒரு நொடி போதும். அதனால் காலம் வீணாவதில்லை. கஷாயம் வேலை செய்கிறதா என்று விடியும்வரை காத்திருப்பதில்தான் தசை மடிகிறது. நடுநெஞ்சில் பாறாங்கல் வைத்தாற்போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்பன பலரும் அறிந்த அடையாளங்கள். பெண்களிடத்தும், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடத்தும் வலியே இன்றி மூச்சுத்திணறல், வாந்தி, காரணம் தெரியாத அயர்ச்சி என்ற வடிவிலும் அது வரும். தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்த தாய், தோள் கடுக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள். களைப்பு என்றே வீட்டாரும் எண்ணிக்கொள்வர். அவள் அருகில் எவரேனும் அமர்ந்து, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒரு முறை கேட்பது நல்லது.

108 ஊர்தி 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. இருசக்கர வண்டியில் நோயாளியை நடுவில் அமர்த்திக்கொண்டு செல்வதைக் காட்டிலும் அதற்காகக் காத்திருப்பதே பெரும்பாலும் மேலானது; வழியில் இதயத் துடிப்பு தடம் புரண்டால் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூவகை மருந்துகளில் மொத்தம் 14 மாத்திரைகள் முதல் தவணையாக வழங்கப்படுகின்றன. கட்டி மேலும் வளராமல் தடுத்து, பெரிய மருத்துவமனையை அடையும்வரை காலத்தை ஈட்டித் தருவது இதன் நோக்கம். கிராமத்துத் துணை சுகாதார நிலையம் எங்கே உள்ளது, அங்கு எவர் பொறுப்பில் இருக்கிறார் என்பதை நலமாக உள்ள நாளிலேயே அறிந்துவைப்பது, திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளை அறிந்துவைப்பதைப் போன்ற ஒரு குடும்பக் கடமை எனலாம்.

சிவகாசியிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போய்விடுவோம் என்று அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டிச் செல்வோர் உண்டு. ஈ.சி.ஜி. எடுத்து, தேவையெனில் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு, அதன்பின் ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு அனுப்பும் முறை தமிழ்நாட்டிலேயே சோதிக்கப்பட்டது. மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் சிறு மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஒரே வலையில் இணைத்து 2,420 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. இணைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காடு, இணைப்புக்குப் பின் 14.2. காகிதத்தில் இது சிறிய வேறுபாடு. ஆயிரம் நோயாளிகளில் 34 பேர் மறு தீபாவளியைக் கண்டனர் என்று கொண்டால் அதன் பெருமை விளங்கும். விருதுநகரிலும் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

தப்பிப் பிழைத்து வீடு திரும்பியவரின் இதயத்துக்குப் பிராணவாயு தடையின்றிக் கிடைக்கச் செய்வது அடுத்த பல மாதங்களின் வேலை. அது இல்லத்தாரின் கையில் இருக்கிறது. முதலில் குருதியின் தரம். பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்தால் தமனி திறந்திருந்தும் வரவு குறையும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. இதய நோயாளி பெண்ணாயின், கொழுப்பையும் சர்க்கரையையும் பார்ப்பதோடு இதையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தது புகை. எரிதலில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றோடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். பிராணவாயு அமரவேண்டிய பீடத்தில் அது அமர்ந்துவிடும். பீடியும் சிகரெட்டும் செய்வது இதுவே. காற்றோட்டமில்லாத சிறு பூசையறையில் சாம்பிராணிப் புகையை நிறைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்வதும் இதயம் நலிந்தவருக்கு ஏற்றதன்று. சன்னலைத் திறந்துவிட்டால் தூபம் குறைந்துபோனதாக எந்தத் தெய்வமும் கோபிக்காது.

மற்றொன்றையும் இங்கே சொல்லவேண்டும். இதயமும் நுரையீரலும் மிகவும் நலிந்த சிலருக்கு மருத்துவர் வீட்டிலேயே பிராணவாயு அளிக்கச் சொல்வதுண்டு. உருளையோ மின்கருவியோ வைத்துள்ள அறையில் 10 அடிக்குள் குத்துவிளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் எரியலாகாது. படுக்கையில் இருப்பவருக்கும் தீபாராதனை காட்டவேண்டும் என்ற அன்பினால் தட்டை அருகில் கொண்டுசெல்வது இயல்பு. பிராணவாயு ஊறிய துணியும் தலைமுடியும் சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். வாசற்படியில் நின்று காட்டினால் போதும். ஒளி அங்கிருந்தும் தெரியும்.

மூச்சுப் பயிற்சி பற்றி ஆன்மிக அன்பர்கள் தவறாது வினவுவர். பிராணாயாமம் குருதியில் பிராணவாயுவை நிரப்புகிறது என்று மேடைகளில் கூறப்படுவதை அப்படியே கொள்வதற்கில்லை. குடம் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது. நிதானமான மூச்சு துடிப்பைத் தணித்து, அழுத்தத்தைக் குறைத்து, இதயத்தின் தேவையைச் சுருக்குகிறது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட அந்தச் சிறு இடைவேளை நீள்வதால், இதயம் தானும் உண்பதற்கு நேரம் கிடைக்கிறது. இந்தியாவில் 24 மருத்துவ மையங்களில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம், யோகத்தை அடிப்படையாகக் கொண்ட 12 வாரப் பயிற்சி சோதிக்கப்பட்டு 2020-இல் முடிவு வெளியானது. மரணத்தையோ மறு மாரடைப்பையோ அது குறைத்தது என்று உறுதியாகக் கூற முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றோர் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர்; முன்பு செய்த வேலைகளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பினர். மாரடைப்புக்குப் பின் பலரை வீழ்த்துவது அச்சம் என்பதால் இது சிறிய பயன் அன்று. மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகமும், வேகமாகத் தள்ளும் கபாலபாதியும் மருத்துவர் அனுமதியின்றி வேண்டாம்.

நடையும் மருந்தே. மருத்துவர் இசைந்தபின், வெயில் ஏறுமுன் திருக்கோயில் வெளிப்பிராகாரத்தை வலம் வருவதினும் நல்ல பயிற்சிக்கூடம் இல்லை. தளம் சமமானது; நிழல் உண்டு; களைத்தால் அமரத் திண்ணை உண்டு; மயங்கினால் தாங்க நாலுபேர் உண்டு. உடன் வருவோரோடு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச்சு அறுபட்டால் குறைக்கவேண்டும்.

விரத நாள்களில் மாத்திரையை நிறுத்துவோரால் மருத்துவர்கள் படும் கவலை பெரிது. ஸ்டென்ட் வைத்தவர், கட்டி உருவாகாமல் தடுக்கும் இரு மாத்திரைகளைப் பொதுவாக ஓராண்டுக்கு விடாமல் உட்கொள்ள வேண்டியிருக்கும். சில நாள் விட்டாலே ஸ்டென்டுக்குள் கட்டி உறைந்து, முதலிலிருந்து எல்லாம் திரும்பவும் நேரலாம். சபரிமலைக்கு மாலையிட்டவரும், பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்த நோன்பிருப்பவரும், வைகுண்ட ஏகாதசிக்கு நீரும் அருந்தாதவரும் இதில் அடக்கம். மகாபாரதத்தின் உத்யோக பருவத்தில் விதுரர், விரதத்தை முறிக்காதவை என்று எட்டினை எண்ணிச் சொல்கிறார். நீர், கிழங்கு, பழம், பால் ஆகியவற்றோடு மருந்தும் அப்பட்டியலில் இருக்கிறது. சாத்திரமே விலக்கு அளித்த ஒன்றை, சாத்திரத்தின் பெயரால் தவிர்ப்பது முறையாகாது.

சதுரகிரி ஏற விரும்பும் இதய நோயாளிகளின் எண்ணிக்கை, ஆடி அமாவாசை நெருங்க நெருங்கக் கூடும். தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சுந்தரமகாலிங்கம் சந்நிதி வரை பாதை கல்லும் முள்ளும் செங்குத்துமாகச் செல்கிறது. வனத்துறை அனுமதிக்கும் நேரத்துக்குள் ஏறி இறங்கவேண்டும் என்ற அவசரமும் உண்டு. நடுவழியில் நெஞ்சு வலித்தால் தோளில் சுமந்துதான் இறக்கவேண்டும். மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர் ஏறுவதற்கு இடமேயில்லை. மாதங்கள் கடந்தவர், நடைப்பட்டை மேல் நடக்கவிட்டு எடுக்கும் டிரெட்மில் பரிசோதனையில் இதயம் தாங்குகிறதா என்று மருத்துவரிடம் அறிந்தபின்பே முடிவு செய்யவேண்டும். அவர் வேண்டாம் என்றால், மலையடிவாரச் சந்நிதிகளில் நின்று சிகரத்தை நோக்கிக் கைகூப்பித் திரும்பலாம். போகலாம் என்றால், விடியலில் தொடங்கி, கூட்டத்தின் வேகத்துக்கு இழுபடாமல், வெறும் வயிற்றோடும் வயிறு நிறைய உண்டும் ஏறாமல், துணையொருவரோடு செல்லலாம். சட்டைப்பையில் அன்றாட மாத்திரைகளின் பெயர் எழுதிய சீட்டும், கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி.யின் நகலும் இருக்கட்டும். அடிவாரத்து மருத்துவ முகாமில் புதிதாக எடுக்கும் தாளோடு அந்தப் பழைய தாளை ஒப்பிட்டுப் பார்த்தால், இதயத்திலுள்ளது பழைய தழும்பா புதிய அடைப்பா என்பது மருத்துவருக்கு விரைவில் விளங்கும்.